நுவரெலியாவுக்கு நியூட் வேண்டாம்

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து இளைஞர் ஒருவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வீட்டிலேயே நியூட் வளர்த்து, குஞ்சு பொரிக்கவைத்து விற்கலாம் என்று இணையத்தில் பார்த்தாராம். "ஐயா, கொழும்பில் இதற்குத் தண்ணீரைக் குளிராக்கும் இயந்திரம் வேண்டும். எங்கள் ஊரில் ஒன்றும் வேண்டாம், காலநிலையே போதும். நீங்கள் எழுதினால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழி காட்டியதாக இருக்கும்" என்று முடித்திருந்தார். அந்தத் தம்பிக்குத் தனியே பதில் எழுதிவிட்டேன். ஆனால் இது ஒருவரின் யோசனை மட்டுமல்ல. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் வாழும் நம்மவர் வீடுகளிலும் இந்தப் பொழுதுபோக்கு எட்டிப் பார்க்கிறது. எனவே என் எதிர்ப்பைப் பகிரங்கமாகவே பதிவு செய்கிறேன்.

நியூட் என்பது வாலுள்ள ஈரூடகவாழி. பார்வைக்குப் பல்லி போலிருக்கும், ஆனால் பல்லியினம் அன்று, தவளைக்கே உறவு. செதில் கிடையாது, ஈரமான மென்தோல். சாலமாண்டர் என்ற பெருங்குடும்பத்தின் ஒரு கிளை இது. இலங்கையில் நியூட்டும் இல்லை, வேறெந்தச் சாலமாண்டரும் இல்லை. நமது ஈரூடகவாழிகள் தவளைகளும், மண்ணுக்குள் புழுவைப்போல் வாழும் காலற்ற சிசிலியன்களுமே. தெற்காசியாவில் தேயிலையும் நியூட்டும் அருகருகே வாழும் இடம் ஒன்று உண்டு, அது டார்ஜிலிங். அங்கே இமாலய நியூட்டுக்கென்று ஜோர்போக்ரியில் 1985ஆம் ஆண்டிலேயே சரணாலயம் அமைத்தார்கள். அந்த உயிர் அந்த மலைக்கு உரியது. நம் மலைக்கு உரியதன்று.

இந்தப் பொழுதுபோக்கின் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆண் நியூட் வாலை அசைத்து ஆடி, விந்துப் பொதியைத் தொட்டியின் அடியில் இட்டுச் செல்லும். பெண் அதைத் தன் உடலுக்குள் எடுத்துக்கொள்ளும். பின்னர் ஒவ்வொரு முட்டையாக நீர்த்தாவரத்தின் இலையில் வைத்து, பின்னங்கால்களால் இலையை மடித்து மூடும். பூப்பூவாய் வெளிச்செவுள் விரித்த குடம்பிகள் வெளிவரும். அவற்றுக்கு உயிருள்ள நுண்ணிரை வேண்டும். போதாவிட்டால் ஒன்றின் காலை ஒன்று கடிக்கும். உருமாறிய பின் பல இனங்களில் இளம் நியூட் தரைக்கு ஏறி, ஓரிரு ஆண்டுகள் நீரையே நாடாது. நன்கு பேணினால் 15, 20 ஆண்டுகள் வாழும். இதைப் பார்க்கும் பிள்ளைக்கு உயிரியலில் ஆர்வம் பிறக்கும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. என் கேள்வி வேறு. அதை எங்கே வைத்துப் பார்க்கிறோம், எதனை விலையாகக் கொடுத்துப் பார்க்கிறோம் என்பதே அது.

இளைஞர் சாதகமாகச் சொன்னாரே காலநிலை, அதிலிருந்தே தொடங்குவோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவு. நியூட்டுக்கு இது உவப்பான வெப்பநிலைதான். ஆனால் நியூட்டோடு பயணம் செய்யும் நோய்க்கும் அதுவே உவப்பானது. 2013ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் மார்ட்டெல், பிராங்க் பாஸ்மன்ஸ் குழுவினர் ஒரு புதிய பங்கசுக்குப் பெயரிட்டார்கள். சாலமாண்டர்களின் தோலைத் தின்று கொல்லும் பங்கசு அது. 10 முதல் 15 பாகை வரையான குளிரில் செழிக்கும். 25 பாகையில் மடியும். நோயுற்ற விலங்கை 25 பாகை வெப்பத்தில் 10 நாட்கள் வைத்தால் குணமாகும் என்பது பின்னர் கண்டறியப்பட்ட சிகிச்சை. அதாவது கொழும்பு வெயில் கொன்றுவிடக்கூடிய ஒரு நோயை, குளிரும் ஈரமும் தந்து பேணக்கூடிய இடம் நமது மலையகம். எதை முதலீடில்லாத முதல் என்று எண்ணினோமோ, அதுவே நமது பலவீனம்.

நெதர்லாந்தின் தென்கோடியில் பண்டர்பொஸ் என்றொரு காடு. அங்கே மஞ்சள் புள்ளியிட்ட நெருப்புச் சாலமாண்டர்கள் வாழ்ந்தன. 2010ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகளில் அவற்றில் 96 சதவீதம் அழிந்துபோயின. காரணம் இதே பங்கசு. ஆசியச் சாலமாண்டர்களில் நெடுங்காலமாக இருந்துவந்த இந்தக் கிருமி, வளர்ப்புப் பிராணி வர்த்தகத்தின் வழியே ஐரோப்பாவை அடைந்தது என்று 2014இல் வெளிவந்த ஆய்வு கூறியது. அச்சமடைந்த அமெரிக்கா 2016இல் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. கனடா 2017இல் அனுமதிப்பத்திரமின்றி எந்தச் சாலமாண்டரையும் கொண்டுவர முடியாதபடி கதவை மூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தனிமைப்படுத்தலையும் சோதனையையும் கட்டாயமாக்கியது. செல்வ நாடுகள் தமது காடுகளைக் காக்க இவ்வளவு செய்திருக்க, நாம் மட்டும் வாசலைத் திறந்து வைத்து, வாருங்கள் என்று அழைக்க வேண்டுமா?

"அது சாலமாண்டர் நோய்தானே, நம்மிடம் சாலமாண்டரே இல்லையே" என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்போர் உளர். அந்தப் பங்கசைச் சில தவளைகளும் தேரைகளும் சுமக்கக்கூடியவை. அதற்கு மேலாக, அதற்கு மூத்த சகோதரப் பங்கசு ஒன்றிருக்கிறது. அது தவளைகளையே குறிவைப்பது. உலகில் குறைந்தது 501 ஈரூடகவாழி இனங்களின் வீழ்ச்சிக்கும், அவற்றுள் 90 இனங்கள் அழிந்துபோனதாகக் கருதப்படுவதற்கும் அதுவே காரணம் என 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு கணக்கிட்டது. அந்தக் கிருமியையும் நியூட் தன் தோலில் சுமந்து வரும். நோயின் அடையாளம் வெளியே தெரியாமலே சுமந்து வரும்.

இலங்கையின் தவளைகள் சாதாரணச் செல்வமல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுள் ஒரு பெரும் கூட்டம் மலைக்காடுகளின் புதர்த் தவளைகள். இவை வாற்பேத்தைப் பருவமே இல்லாதவை. ஈரமண்ணில் இட்ட முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வெளிவருபவை. ஏற்கெனவே ஏறத்தாழ 20 இனங்களை இழந்துவிட்டோம். இலங்கையிற் பிறந்த மருத்துவர் கெலார்ட் 1853இல் விவரித்த ஒரு புதர்த் தவளை, அதன்பின் ஒருவர் கண்ணிலும் படாமல் அழிந்ததென்றே எழுதப்பட்டுவிட்டது. 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அது மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு ஒளிந்திருந்து தப்பிய உயிர் அது. காடழிப்பையும் கோப்பியையும் தேயிலையையும் பூச்சிகொல்லியையும் தாண்டி வந்ததை, ஒரு கண்ணாடித் தொட்டியின் கழிவுநீருக்குப் பலிகொடுப்பதா?

பங்கசு என்றால் என்னவென்று மலையகத் தமிழனுக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூளாகத் தோன்றிய ஒரு பங்கசு, இருபது ஆண்டுகளுக்குள் இந்நாட்டின் கோப்பித் தொழிலைப் புதைகுழிக்கு அனுப்பியது. 1884இல் ஓரியண்டல் வங்கியே கதவை மூடியது. துரைமார் கப்பலேறினர், அல்லது தேயிலைக்கு மாறினர். கூலி கிடைக்காமல் வெறுங்கையோடு மன்னார்ப் பாதையில் திரும்பி நடந்தவர்கள் நம் முன்னோர். கண்ணுக்குத் தெரியாத வித்தொன்று மலைமுழுதையும் மாற்றியமைத்த வரலாற்றிலிருந்துதான் தேயிலைத் தோட்டங்களே பிறந்தன. அந்த வரலாற்றின் பிள்ளைகள் நாம்.

"நான் கவனமாக வளர்ப்பேன், ஒன்றும் வெளியே போகாது" என்பது அடுத்த வாதம். நியூட் ஈரத்தோலைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு செங்குத்தாக ஏறும். மூடியில் விரற்கடை இடைவெளி போதும். விலங்கு தப்பாவிட்டாலும் நீர் தப்பும். தொட்டி நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றிய நீர் எங்கே போகும்? லயன் முற்றத்துக் கானுக்கு. கானிலிருந்து ஓடைக்கு. ஓடையிலிருந்து கொத்மலை ஓயாவுக்கோ மஸ்கெலிய ஓயாவுக்கோ. மலையுச்சியில் வாழ்பவன் கொட்டும் நீர் கீழேயுள்ள அனைவருக்குமான நீர். சமவெளியில் ஒருவர் செய்யும் தவறு ஓரிடத்தில் தேங்கக்கூடும். மலையில் செய்யும் தவறு இறங்கி ஓடும்.

நியூசிலாந்தைப் பாருங்கள். அங்கும் இயற்கையில் நியூட் இல்லை. ஆனால் உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகள் உண்டு. 2013இல் அங்கே ஐரோப்பிய அல்பைன் நியூட் வெளியில் பெருகியிருப்பது தெரியவந்தது. தவளைக்கொல்லிப் பங்கசும் அவற்றின் உடலில் இருந்தது. அரசு பொறிவைத்துப் பிடித்து ஒழிக்க இறங்க வேண்டியதாயிற்று. ஜெனீவாச் சுற்றுவட்டாரத்தில், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இத்தாலியக் கொண்டை நியூட் உள்ளூர் இனத்தை இடம்பெயர்த்துவிட்டது. நம் நாட்டிலேயே சான்று வேண்டுமா? தொட்டிப் பாசியைத் தின்னுமென்று அலங்கார மீன் கடைகளில் வாங்கி, பெருத்ததும் வாய்க்காலில் விட்ட 'டாங்க் கிளீனர்' மீன் இன்று நம் நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக்கொண்டு திரிகிறது. அதை விட்டவர் எவரும் கெட்ட எண்ணத்தோடு விடவில்லை. கொல்ல மனமின்றி விட்டார்கள்.

உண்மையில் நுவரெலியா ஏற்கெனவே பிறருடைய பொழுதுபோக்குகளின் பழஞ்சரக்கறைதான். தூண்டில் போட மீன் வேண்டுமென்று 1880களில் ஆங்கிலேயர் டிரவுட் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து மலையோடைகளில் விட்டார்கள். ஊர் நினைவுக்காக நட்ட முட்புதரான கோர்ஸ் ஹோர்ட்டன் சமவெளியின் புல்வெளியைத் தின்கிறது. அதை வேரோடு பிடுங்க இன்று ஆள் தேட வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு வீட்டு நினைவு; நமக்குத் தீராத வேலை. அந்த வரிசையில் இன்னுமொன்றை, இம்முறை நம் கையாலேயே, சேர்க்க வேண்டாம்.

இனி, இந்தப் பொழுதுபோக்கின் மிக உயர்ந்த நியாயமாகச் சொல்லப்படுவது: வீட்டில் பெருக்கினால் இனம் காக்கப்படுகிறது. கேட்க இனிமையான வாசகம். ஆனால் பெரும்பாலும் பொய். மெக்சிக்கோவின் அக்சலோட்டலை எடுத்துக்கொள்வோம். 2021இல் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் நுழைந்த பிறகு உலகக் குழந்தைகளின் செல்லமாகிவிட்ட சாலமாண்டர் அது. 1864இல் பாரிசுக்குக் கொண்டுபோன சிறு கூட்டத்திலிருந்து தொடங்கி, ஆய்வகங்களிலும் வீடுகளிலும் கணக்கின்றிப் பெருகிவிட்டது. அதன் ஒரே இயற்கை வாழிடமான சொச்சிமில்கோவில் என்ன நடந்தது? 1998இல் சதுர கிலோமீற்றருக்கு 6,000 என்று மதிப்பிட்டார்கள். 2014இல் அது 36. தொட்டிகள் நிரம்பின, வாய்க்கால்கள் வெறுமையாயின. தொட்டியில் ஓர் உயிர் பெருகுவதற்கும் அதன் ஊர் பிழைப்பதற்கும் தொடர்பே இல்லையென்பதை இதைவிடத் தெளிவாக எவர் காட்ட முடியும்?

இதைவிடக் கசப்பானது லாவோஸ் நாட்டின் கதை. 2002இல் விஞ்ஞானிகள் அங்கே ஒரு புதிய நியூட்டை விவரித்து, அது எங்கே கிடைத்ததென்றும் எழுதினார்கள். அந்தக் கட்டுரையையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு வர்த்தகர்கள் அங்கு போய் அள்ளிவந்து வெளிநாட்டு வளர்ப்பாளர்களுக்கு விற்றார்கள். விவரித்தவர்களுள் ஒருவரான பிரையன் ஸ்டூவர்ட் 2006இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எச்சரித்து எழுத நேர்ந்தது. அந்த இனத்துக்குச் சைட்டிஸ் பாதுகாப்புக் கிடைத்தது 2022இல். இருபது ஆண்டுத் தாமதம்!

இந்தக் கதை நமக்கு அந்நியமானதன்று. நமது மலையகத்திலேயே அது நடந்தது, விலங்குதான் வேறு. மூக்கின்மேல் கொம்புள்ள ஓணான் நுவரெலியா, ஹக்கல, ஹோர்ட்டன் சமவெளிப் பகுதிகளுக்கு உரியது. சுருளும் வாலுள்ள, குட்டியீனும் குள்ள ஓணானும் அதே குளிர்க்காட்டுக்கு உரியது. இவற்றை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய நம் சட்டம் அனுமதித்ததில்லை. ஆயினும் ஐரோப்பிய வளர்ப்பாளர்களின் கண்ணாடிப் பெட்டிகளில் இவை இருந்தன, விற்கப்பட்டன. 2019இல் ஜோர்டி யான்சனும் நம் நாட்டு ஊர்வனவியலாளர் அன்ஸ்லம் டி சில்வாவும் இவ்வர்த்தகத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதே ஆண்டு சைட்டிஸ் மாநாடு கொழும்பில் நடப்பதாக இருந்து, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே குள்ள ஓணான் முதலாம் பட்டியலிலும், நுவரெலியாவின் கொம்போணான் காட்டிலிருந்து பிடித்ததன் வணிக ஏற்றுமதி பூச்சியம் என்ற நிபந்தனையோடு இரண்டாம் பட்டியலிலும் சேர்ந்தன. அதுவரை, "என்னிடமிருப்பது வீட்டில் பிறந்தது" என்ற ஒரு வாக்கியம் எல்லாக் கதவுகளையும் திறந்தது. அதன் பாட்டன் யாருடைய பயணப்பெட்டியில் வந்தான் என்று எவரும் கேட்கவில்லை.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டு வளர்ப்பாளர் அனைவரும் கொள்ளையரல்லர். ஜேர்மனியில் 2018இல் தொடங்கிய 'சிட்டிசன் கன்சர்வேஷன்' திட்டத்தில் மிருகக்காட்சிச்சாலைகளும் தனியாரும் சேர்ந்து அழிவின் விளிம்பிலுள்ள ஈரூடகவாழிகளை வளர்க்கிறார்கள். அங்கே ஒவ்வொரு விலங்குக்கும் பதிவுண்டு, பரம்பரைக் கணக்குண்டு. அதை ஏற்கிறேன். ஆனால் விளம்பரம் பார்த்து ஒரு சோடி வாங்கி, முட்டையிட்டதும் குஞ்சொன்று இன்ன விலையென்று கூவுவதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். பின்னதைச் செய்துவிட்டு முன்னதன் புனிதத்தை அணிந்துகொள்ள வேண்டாம் என்பதே என் வாதம்.

வருமானத்துக்கு வருவோம். இதுவே அந்த இளைஞரின் உண்மையான கேள்வி, எள்ளி நகையாடத்தக்கதன்று. நாட்கூலி 1,000 ரூபாவாக 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் அடிப்படை 1,350 ஆனது. அந்தக் கூலியில் குடும்பம் நடத்தும் வீட்டுப் பிள்ளை வேறு வழி தேடாமல் என்ன செய்வான்? ஆனால் கணக்குப் பாருங்கள். சில இனங்கள் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான முட்டையிடும். நூறு பேர் வளர்த்தால் வாங்குவது யார்? இத்தகைய தொழிலில் பணம் பார்ப்பவன் முதற்சோடியை விற்பவன்; இரண்டாவது ஆளுக்குக் கொஞ்சம்; பத்தாவது ஆளுக்கு விற்காத குஞ்சுகள். அவற்றை 15 ஆண்டுகள் ஊட்டி வளர்ப்பானா, ஓடையில் விடுவானா? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவில் தொட்டியை எங்கே வைப்பான்? பீலித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் தாய், வாரந்தோறும் நியூட்டுக்கும் நீர் சுமக்க வேண்டுமா? அனுமதியின்றி உயிருள்ள விலங்கைக் கொண்டுவருவது சட்டவிரோதம் என்பதால், பிடிபடும் நாளில் வழக்கு யார்மீது? விற்ற முதலாளிமீதா, தோட்டத்துப் பையன்மீதா? நீதிமன்றச் செய்திகளைப் பல்லாண்டு எழுதியவன் என்ற முறையில் பதிலை ஊகிக்க எனக்குச் சிரமமில்லை.

காட்டை அழித்தது தோட்டக் கம்பனி. ஆயினும் விறகு பொறுக்கியவளே காட்டின் எதிரி என்று எழுதிவந்தது நாடு. நாளை ஒரு தவளை இனம் நோயில் மடிந்தால், அந்தப் பழியையும் லயன் வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்கு நாமே சாட்சியம் தயாரித்துக் கொடுக்க வேண்டாம்.

எனவே நான் கேட்பவை இவை. வாலுள்ள ஈரூடகவாழிகள் எதுவும் இந்நாட்டுக்குள் வளர்ப்புப் பிராணியாக நுழையக் கூடாதென்று, ஐயத்துக்கு இடமின்றிப் பட்டியலிட்டு அரசு தடை செய்ய வேண்டும். அந்த அறிவித்தல் கடைகளிலும் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் வாழும் நம்மவர், பிறந்த நாட்டில் சட்டவிரோதமாகப் பிடிக்கப்பட்ட விலங்கை எங்கும் விற்க முடியாதபடி செய்யும் சட்டத்தைத் தங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் கோர வேண்டும்; அமெரிக்காவில் லேசி சட்டம் அதைச் செய்கிறது. ஏற்கெனவே தொட்டியில் அக்சலோட்டல் வைத்திருப்போர் அதைக் கடைசிவரை காப்பாற்றட்டும். ஆனால் ஆறு குளத்தில் விடாதீர்கள், தொட்டி நீரைக் கிருமிநீக்கம் செய்யாமல் வெளியே ஊற்றாதீர்கள்.

தோட்டத்து இளைஞருக்கு வேறொரு வேலை உண்டு. இருட்டியபின் ஓடைக்கரையில் எந்தக் குரல் எந்தத் தவளையுடையது என்று அறிந்தவன் அவன்தான். ஆய்வுக்கு வரும் வெளியூர்க் குழுக்களுக்கு இரவில் வழிகாட்டுபவனாகவும், பெயர் சொல்பவனாகவும், கணக்கெடுப்பவனாகவும் அவனைப் பயிற்றுவித்துச் சம்பளம் கொடுங்கள். ஹோர்ட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் நக்கிள்ஸும் 2010இல் உலக மரபுரிமையாயின. அந்த மரபுரிமையின் வேலியோரத்தில் ஐந்தாறு தலைமுறையாகக் குடியிருப்பவனுக்கு அதில் ஒரு பதவியில்லை என்பதுதான் திருத்தப்பட வேண்டிய அநியாயம். அவன் வீட்டில் நியூட் இல்லை என்பதன்று.